படித்து முடித்தேன் என்னும் பற்று

ஆண்டுக் கடைசியில் புத்தகம் படிக்கிறவர்கள் பலரும் இரண்டு கணக்குப் பார்க்கிறார்கள். எத்தனை புத்தகம் வாங்கினோம், அதில் எத்தனை படித்தோம். வாங்கியது கூடுதலாகவும் படித்தது குறைவாகவும் இருப்பதுதான் வழக்கம். 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வருவதால், பழைய பாக்கி தீர்வதற்குள் புதிய பைகள் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. பாலித்தீன் உறைகூடப் பிரிக்காத நாவல்கள், ஐம்பதாம் பக்கத்தில் கடை ரசீதையே அடையாளமாகச் செருகி நிறுத்திவைத்த வரலாற்று நூல், மூன்று தொகுதிகளில் முதல் தொகுதி மட்டும் முனை மழுங்கிய மொழிபெயர்ப்பு. இவற்றைப் பார்க்கும்போது குற்ற உணர்வு வருகிறது. படித்தவற்றின் பட்டியலைப் பார்க்கும்போது பெருமிதம் வருகிறது. ஆசையை அடக்கத் தெரியாதவர் வாங்குகிறார், அறிவைத் தேடுகிறவர் படிக்கிறார் என்ற எண்ணமே இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. இதை நான் மறுக்கிறேன். நம் சமயங்கள் பற்றை ஆராய்ந்திருக்கும் ஆழத்தில் வைத்துப் பார்த்தால், வாங்கிக் குவித்ததைவிடப் படித்து முடித்ததை எண்ணுவதில்தான் அது வலுவாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதை உரசிப் பார்க்கச் சமணத்தைவிடக் கடுமையான உரைகல் இல்லை. பொருள் வைத்துக்கொள்ளாமையை ஐந்து விரதங்களுள் ஒன்றாக வைத்த சமயம் அது. திகம்பர முனிவருக்கு உடுக்கத் துணியும் கிடையாது. சிற்றுயிர்களுக்குத் தீங்கு நேராமல் இடத்தைத் துடைக்க மயிற்பீலி, கை கால் கழுவக் கமண்டலம், இவ்விரண்டோடு அவர் வைத்துக்கொள்ளலாம் என்று விடப்பட்ட மூன்றாவது பொருள் சாத்திர நூல். ஆடையையே பற்று என்று கழித்த கண்ணுக்கு ஏடு பற்றாகத் தெரியவில்லை. இல்லறத்தாருக்கும் உணவு, மருந்து, அடைக்கலம், நூல் என்று நான்கு தானங்களைச் சமணம் வகுத்தது. ஜெய்சல்மேரிலும் பாட்டனிலும் இன்றும் நிலைத்திருக்கும் சுவடிச் சாலைகள் அந்த மரபில் வளர்ந்தவை. பத்தாம் நூற்றாண்டில் சாளுக்கிய நாட்டில் வாழ்ந்த அத்திமப்பே என்னும் பெண்மணி, பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் படி எழுதுவித்துக் கொடுத்தார் என்று கன்னட இலக்கிய வரலாறு போற்றுகிறது. ஒரே நூலை ஆயிரம் பேர் கையில் சேர்க்க நினைத்த மனம் அது. துறவையும் சுவடியையும் ஒரே சமயம் எப்படிப் போற்றியது என்பதற்கு உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரத்தில் விடை இருக்கிறது. திகம்பரர், சுவேதாம்பரர் என்னும் சமணப் பிரிவினர் இருவரும் ஏற்கும் அந்நூல், உடைமையைப் பொருளைக் கொண்டு வரையறுக்காமல், பொருளின்மேல் வரும் மயக்கத்தைக் கொண்டு வரையறுக்கிறது. ஆகவே அலமாரியில் என்ன இருக்கிறது என்பதை வைத்து ஒருவரைப் பற்றுள்ளவர் என்று சொல்லிவிட முடியாது. ‘என்னுடையது’ என்னும் எண்ணம் எங்கே தடித்திருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

படிக்காத புத்தகத்தை ஒருவர் விலை கொடுத்து வாங்கியிருக்கலாம். ஆனாலும் முழு மனதோடு அதைத் தம்முடையது என்று சொல்ல அவரால் முடிவதில்லை. எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், இன்னும் தொடவில்லை என்று சற்றுத் தயங்கித்தான் சொல்கிறார். அந்தத் தயக்கம் நல்லது. தமக்குத் தெரியாத ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் காத்திருக்கிறது என்பதை அது ஒப்புக்கொள்கிறது. ‘படித்தாயிற்று’ என்னும்போது அது போய்விடுகிறது. நூல் கைவசமாகிவிட்டது, இனி அது நமக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்ற முடிவும் கூடவே வந்துவிடுகிறது. சமண ஆசிரியர் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் செருக்கை எட்டாக வகுக்கிறார்: அறிவு, பிறர் செய்யும் பூசனை, குலம், சாதி, வலிமை, செல்வம், தவம், உடல். அதைத் தழுவித் தமிழில் எழுந்ததுதான் அருங்கலச்செப்பு. செல்வம் ஆறாவதாக வர, அறிவு முதலில் நிற்கிறது. வரிசையை மட்டும் வைத்து எடைபோடக் கூடாதுதான். ஆனால் அறிவையும் தவத்தையும் செல்வத்தோடும் சாதியோடும் ஒன்றாக நிறுத்தியது பெரிய துணிவு. நல்லது என்று நாம் ஐயமின்றி நம்பும் ஒன்றின்மேல் வரும் பற்றுதான் பற்று என்றே தெரியாமல் வளரும். புத்தகம் வாங்கும் ஆசையை வீட்டில் இருப்பவர்கள் கண்டிப்பார்கள், மாதக் கடைசி கண்டிக்கும். ஆண்டுக்கு நூறு புத்தகம் படித்தேன் என்பவரைக் கண்டிக்க யாரும் இல்லை.

தமிழில் இதற்கு நெருக்கமான சான்று 1880இல் கும்பகோணத்தில் நடந்தது. கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த உ.வே.சாமிநாதையர், அங்கே முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று தாம் கற்றவற்றை அடுக்கினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர் சொன்ன பட்டியல் அது. பொய்யோ மேம்போக்கோ அதில் இல்லை. முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணியும் மணிமேகலையும் சிலப்பதிகாரமும் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்திருக்கவில்லை. இந்தச் சந்திப்பு எல்லோரும் அறிந்தது. ஆனால் அதன் பிறகு அவர் செய்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். விடுபட்டதையும் சேர்த்துப் பட்டியலை நிரப்பிக்கொள்ள அவர் முனையவில்லை, ஒரு நூலில் தங்கிவிட்டார். நச்சினார்க்கினியர் உரை இருந்தும் சிந்தாமணியின் சமணச் செய்திகள் பிடிபடவில்லை. அதைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவந்த கும்பகோணத்துச் சமணக் குடும்பங்களிடம் போய்க் கேட்டார். சைவ மடத்தில் புகழ்பெற்ற வித்துவான், வேற்றுச் சமயத்து இல்லறத்தாரிடம் மாணவராக உட்கார்ந்தார். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு கிடையாது. அப்படிப்பட்ட சுவடிகளை ஒன்றோடொன்று வரி வரியாக ஒப்பிட்டு, 1887இல்தான் பதிப்பைக் கொண்டுவந்தார். அதற்காக வேறு எத்தனையோ நூல்களையும் புரட்டினார்; எல்லாம் அந்த ஒன்றுக்குத் துணையாக. இக்காலத்து ஆண்டுப் பட்டியல்களில் அந்த ஏழு ஆண்டுகளுக்கு இடம் ஏது?

எண்ணிக்கை இல்லாவிட்டால் ஒழுங்கு வராது என்று சிலர் சொல்வார்கள். வேலை, பயணம், கைபேசி என்று நாள் கரைந்துபோகையில், மாதம் இரண்டு புத்தகம் என்று குறி வைத்துக்கொள்வதால்தான் படிப்பே நடக்கிறது என்பது நேர்மையான வாதம். சமய வாழ்க்கையிலும் எண்ணிக்கை உண்டு, ஜபமாலைக்கு நூற்றெட்டு மணி. ஆனால் அங்கே எண்ணுவது விரலின் வேலை. மனம் எண்ணாமல் இருக்கட்டும் என்றுதான் மணியைக் கோத்தார்கள். பசுவின் முகம்போல் தைத்த துணிப்பைக்குள் கையை விட்டு மாலையை உருட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எத்தனையாவது மணி என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. வாசகரின் எண்ணிக்கையும் அப்படிப் பைக்குள் இருக்கும்வரை துணை செய்யும். வெளியே வந்ததும் தேர்வையே மாற்றத் தொடங்கிவிடும். எண்ணூறு பக்க நூலை எடுக்கப் போன கை, டிசம்பர் நெருங்க நெருங்க நூற்றிருபது பக்க நூலுக்குப் போகிறது. படித்ததை மறுபடி படிப்பது வீண் என்று தோன்றுகிறது, அது எண்ணிக்கையில் ஏறாதே. ஒரு வாசகருக்கு நேரக்கூடிய கெடுதல்களில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. படிக்காமல் வாங்குவதற்கு இவ்வளவு தத்துவம் பேசினால் பேராசைக்குச் சமாதானம் சொல்வதாகாதா? உரோமத் தத்துவ அறிஞர் செனெக்கா, அலங்காரத்துக்கு நூல் சேர்ப்பவர்களைச் சாடினார். ஓர் ஆயுளில் தலைப்புகளைக்கூடப் படித்து முடிக்க முடியாத நூலகம் எதற்கு என்பது அவர் கேள்வி. அலெக்சாந்திரியாவில் எரிந்த நாற்பதாயிரம் நூல்களுக்காகவும் அவர் இரங்கவில்லை. குடும்பச் செலவில் கைவைத்து வாங்கும் புத்தகத்தையும், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று அடுக்கும் தங்க எழுத்துத் தொகுதிகளையும் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. ஆனால் அவர் நூலை வாங்கியவரின் ஆயுளோடு மட்டும் வைத்து அளக்கிறார். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் ஏறத்தாழ ஒரு லட்சம். ஒருவர் படித்து முடிக்கக்கூடிய அளவா அது? 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாயிற்று. வேறெங்கும் கிடைக்காத பாட்டுப் புத்தகமும் பழைய இதழும் தேடி ஆய்வாளர்கள் அங்கே போகிறார்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியல் விதிகள் ஐந்தில், வாசகருக்கு உரிய நூல் வேண்டும் என்று ஒன்றை வைத்து, நூலுக்கு உரிய வாசகர் வேண்டும் என்று இன்னொன்றையும் வைத்தார். அந்த வாசகர் காசு கொடுத்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. செனெக்காவுக்கு என் பதில் இதுதான்: வாங்கி ஓராண்டாகியும் தொடாத புத்தகத்தை, அதைத் தேடி வருகிற ஒருவரிடம் கொடுக்க மனம் வருகிறதா? வந்தால் அங்கே மயக்கம் இல்லை. வராவிட்டால் அவர் சாடிய நோய்தான்.

படித்ததை அளக்கவும் ஒரு கோல் நம்மிடம் இருக்கிறது. சமணரான பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நூல் பயிலும் முறையைச் சொல்கிறார். ஒரு முறை கேட்டவன் மறுமுறையும் கேட்டால் பிழை பெரும்பாலும் நீங்கும். மூன்றாம் முறை கேட்டால்தான் முறையறிந்து சொல்வான். இத்தனைக்குப் பிறகும், ஆசிரியர் சொன்னதை நன்றாக உள்வாங்கியவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான் என்கிறார். உடன் பயில்வோரோடு பழகினால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, பிறருக்கு விளங்கச் சொல்லும்போதுதான் வரும். இலக்கணம் படிக்கிறவனுக்குச் சொன்னதை நாவல் படிக்கிறவருக்குப் பொருத்தலாமா என்று கேட்கலாம். இன்பத்துக்காகப் படிப்பவர் யாருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை, உண்மைதான். ஆனால் நாவலில் தோய்ந்த எவரும் அதைப் பற்றிப் பேச ஆள் தேடாமல் இருந்ததில்லை. பிடித்த அத்தியாயத்தை மறுபடி புரட்டாமலும் இருந்ததில்லை. பவணந்தியார் விதியாக வைத்ததை அவர்கள் ஆசையாலேயே செய்கிறார்கள். அந்தக் கோலால் அளந்தால், ஒரே மூச்சில் படித்து மூடிய ஐம்பது புத்தகங்களில் ஒவ்வொன்றும் கால் பங்குதான். ஆண்டு முழுதும் கையில் இருந்து, நண்பரோடு வாதிட்டு, வீட்டுப் பிள்ளைக்கு எடுத்துச் சொன்ன ஒரு புத்தகம் மட்டுமே முழுதாகப் படித்ததாகும்.