வட்டிலும் மாலையும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே சடகோபாய நம:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:
ஸ்ரீமத் வரவரமுநயே நம:

உடைமைகளைக் குறைத்துக்கொண்டு எளிமையாக வாழவேண்டும் என்ற எண்ணம் இக்காலத்தில் பல நாடுகளிலும் பரவி வருகிறது. வீடு நிறையப் பொருள்களைச் சேர்த்து, அவற்றைத் துடைக்கவும் அடுக்கவும் தேடவுமே பொழுதைப் போக்கி அலுத்தவர்களிடம் பிறந்த எண்ணம் இது. அயல்நாடுகளில் வாழும் ஸ்ரீவைஷ்ணவக் குடும்பங்களுக்கும் இந்த அலுப்பு புதிதன்று. எண்ணம் நல்லதே. ஆயினும் நம் ஸம்ப்ரதாயத்தின் கண்கொண்டு பார்க்கும்போது மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டியிருக்கிறது. எதை வைத்துக்கொள்வது? எதை விடுவது? விட்டதனால் மிஞ்சுவது யாருக்கு? முதல் இரண்டைப் பலரும் கேட்கிறார்கள். மூன்றாவதைக் கேட்பவர் சிலரே.

இதை ஆராய விருதுநகர் மாவட்டத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. பெரியாழ்வாரும் ஆண்டாளும் திருவவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூர் இம்மாவட்டத்தில் உள்ளது. நின்ற நாராயணப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் திருத்தங்கல் திவ்யதேசமும் இங்குள்ளதே. அதை அடுத்தே சிவகாசி. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்னும் மூன்று தொழில்களால் பெயர்பெற்ற ஊர். நாடெங்கும் தீபாவளிக்கு வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி இவ்வட்டாரத்தில் உருவாவது. புத்தாண்டுதோறும் கடைக்காரர்கள் நம் கையில் சுருட்டிக் கொடுக்கும் நாட்காட்டிகளும் பெரும்பாலும் இங்கு அச்சானவையே. நோன்பைப் பாடிய மண்ணும், ஊரார் வாங்கிக் குவிக்கும் பொருள்களைச் செய்து தரும் மண்ணும் அருகருகே இருக்கின்றன.

வீட்டைச் சீர்செய்வது பற்றி எழுதி உலகப் புகழ்பெற்ற ஜப்பானியப் பெண்மணி மாரி கோண்டோ ஒரு வழி சொல்கிறார். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது எனக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தந்தால் வைத்துக்கொள்ளலாம். தராவிட்டால் நன்றி சொல்லி விட்டுவிடலாம். உயிரற்ற பொருளுக்கும் நன்றி சொல்லச் சொன்னது உயர்ந்த பண்பே. ஆனால் அங்கே அளவுகோலாக நிற்பது ‘எனக்கு’ என்னும் சொல். நம்மாழ்வாரோ அந்தச் சொல்லைத்தான் முதலில் விடச் சொல்கிறார்.

திருவாய்மொழி முதற்பத்தின் இரண்டாம் திருவாய்மொழி, பற்றுகளை விடும்படி உலகத்தாரை நோக்கி உபதேசிக்கும் பதிகம். அதன் மூன்றாம் பாசுரத்தில், நான் என்பதையும் என்னுடையது என்பதையும் வேரோடு களைந்து எம்பெருமானைச் சேருமாறு ஆழ்வார் அருளிச்செய்கிறார். அலமாரியில் இருப்பதை வெளியேற்றுவது கிளையைத் தறிப்பது போன்றது. என்னுடையது என்ற நினைவை விடுவதே வேரைக் களைவது. கிளையை மட்டும் தறித்தால் அடுத்த மழைக்குத் துளிர்க்கும். ஒருமுறை வீட்டைக் காலி செய்தவர்கள் சில ஆண்டுகளில் அதே வீட்டை மறுபடியும் நிரப்பிவிடுவதைக் காண்கிறோமே, காரணம் இதுதான். அன்றியும், ‘என்னிடம் இவ்வளவு குறைவாகத்தான் இருக்கிறது’ என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை உண்டு. அதுவும் ஓர் உடைமையே. பொருளை விட்டு, பொருளை விட்டவன் என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டால் பாரம் குறைந்ததாகாது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது ‘எத்தனை’ என்பதன்று; ‘யாருடையது’ என்பது. சேஷனான ஆத்மாவின் மகிழ்ச்சியை முதலாக வைக்காமல், சேஷியான எம்பெருமானுடைய திருவுள்ள உகப்பை முதலாக வைப்பது நம் முறை. தம்மை எம்பெருமான் தனக்கே ஆக்கிக்கொள்ள வேண்டும் என்று இரண்டாம் பத்தின் ஒன்பதாம் திருவாய்மொழியில் ஆழ்வார் பிரார்த்திக்கிறார். ஆத்மாவே அவனுக்கு என்றானபின், ஆத்மா சேர்த்து வைத்த பெட்டிகள் மட்டும் வேறு யாருக்கு?

இங்கு ஓர் ஐயம் எழலாம். ‘அப்படியானால் எங்கள் வீட்டில் இருப்பதெல்லாம் பெருமாளுக்காகவே. வெள்ளி வட்டில்கள், திருவாராதனப் பாத்திரங்கள், உத்ஸவத்துக்கு ஒன்றாக வஸ்திரங்கள், நவராத்திரிக்கு ஆண்டுதோறும் புதிய பொம்மைகள், வ்யாக்யான நூல்கள். இவற்றில் எதை விடுவது?’ என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு விடை கூரத்தாழ்வான் சரித்திரத்தில் இருக்கிறது.

கூரத்தில் பெருஞ்செல்வராய் இருந்த ஆழ்வான், அனைத்தையும் துறந்து தேவிகளோடு திருவரங்கம் நோக்கி நடந்தார். வழியில் ஒரு காடு. ‘இங்கே பயம் உண்டோ?’ என்று தேவிகள் வினவினார். ‘மடியில் கனம் இருந்தாலன்றோ வழியில் பயம்? ஏதேனும் கொண்டுவந்தாயோ?’ என்றார் ஆழ்வான். அவர் அமுது செய்வதற்காகப் பொன் வட்டில் ஒன்றைத் தேவிகள் எடுத்து வந்திருந்தார். ஆழ்வான் அதை வாங்கிக் காட்டில் எறிந்துவிட்டு நடந்தார்.

இச்சரித்திரத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தேவிகள் அந்த வட்டிலைத் தமக்காக எடுத்து வரவில்லை. தம் ஸ்வாமிக்குச் செய்யும் கைங்கர்யத்துக்காகவே எடுத்து வந்தார். ஆயினும் அது பயத்தை உண்டாக்கிற்று. கைங்கர்யத்துக்கு என்று வைத்த பொருளே காவலுக்கு உரிய பொருளாகிவிட்டால் அது கைங்கர்யத்துக்குத் தடையாகிறது. இதைக்கொண்டு நம் வீட்டிலுள்ள ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்கலாம். இந்தப் பொருள் திருவாராதனத்துக்குப் பயன்படுகிறதா, அல்லது இதைப் பூட்டிவைக்கும் கவலையில் திருவாராதனம் சுருங்குகிறதா? அடியார்கள் எழுந்தருளும்போது இது வெளியே வருகிறதா, அல்லது கீறல் விழும் என்று உள்ளே ஒளிகிறதா?

திருவரங்கத்தில் ஆழ்வான் உஞ்சவ்ருத்தியால் வாழ்ந்தார். மழையால் அதுவும் இயலாமற்போன ஓர் இரவில், தேவிகள் பெருமாளை நினைக்க, பெரியபெருமாளே ப்ரஸாதத்தை அனுப்பி வைத்தார் என்பர் பெரியோர். எறிந்தது ஒரு வட்டில். வந்தது அரங்கன் அமுது செய்த சேஷம். நம்முடையது என்று சுமந்து வந்ததற்கும் அவனுடையது என்று பெற்றதற்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்குகிறது.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவோம். புதிது புதிதாக வாங்கச் செய்வது இன்றைய வாணிகத்தின் இயல்பு. பிறர் பயன்படுத்திய பொருள் என்றால் மதிப்புக் குறைவு என்று அது நமக்குப் பழக்கிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த தந்தையும் மகளும் இதற்கு நேர்மாறானதைக் காட்டினார்கள். திருப்பல்லாண்டின் ஒன்பதாம் பாசுரத்தில், எம்பெருமான் உடுத்தி அவிழ்த்த பீதாம்பரத்தை உடுப்பதும், அவன் அமுது செய்த கலத்தில் மிஞ்சியதை உண்பதும், அவன் சூடிய துழாயைச் சூடுவதுமே அடியார்க்கு வாழ்வு என்று பெரியாழ்வார் காட்டினார். அவர் திருமகளாரோ தாம் சூடிய மாலையை அவனுக்குக் கொடுத்தார். சூடாத மாலையை அவன் விரும்பவில்லை. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை திருமலை ப்ரஹ்மோத்ஸவத்தில் கருட சேவைக்கு இன்றும் செல்கிறது. தந்தைக்கு அவன் சூடியது வேண்டும்; அவனுக்கு மகள் சூடியது வேண்டும். பொருளுக்கு மதிப்புத் தருவது புதுமையன்று, ஸம்பந்தமே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆண்டாள் திருக்கரத்தில் விளங்கும் கிளியும் இவ்வாறே. அது நாள்தோறும் பச்சிலைகளால் புதிதாகச் செய்யப்படுவது. ஒருநாள் அத்திருக்கரத்தில் இருந்தபின் அடியார்க்கு ப்ரஸாதமாகிறது. எதுவும் அங்கே தேங்குவதில்லை.

தீபாவளிக்கு வாங்கும் வேட்டியையும் புடவையையும் முதலில் பெருமாள் திருமுன்பு வைத்து, பின்பே உடுத்துகிறோம். இவ்வழக்கத்தின் பொருளை உணர்ந்தால் நம் வீட்டில் முற்றிலும் புதியது என்று ஒன்றுமில்லை. எல்லாம் அவனிடமிருந்து பெற்றவை. அப்படிப் பெற்ற துணி சாயம் சற்று மங்கியதற்காக வேறு வாங்கத் தோன்றுமா என்று எண்ணிப் பார்க்கலாம்.

இனி மூன்றாவது கேள்வி. விட்டதனால் மிஞ்சுவது யாருக்கு?

திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் ஆய்ப்பாடிச் சிறுமியர் நெய்யையும் பாலையும் விடுகிறார்கள். மையும் மலரும் விடுகிறார்கள். தகாத செயலையும் தீய சொல்லையும் விடுகிறார்கள். நோன்பு அத்தோடு முடிந்ததாக அவர்கள் கருதவில்லை. அதே பாசுரத்தில், ஐயமும் பிச்சையும் தம்மால் இயன்ற மட்டும் கொடுப்போம் என்றும் உறுதி கொள்கிறார்கள். தகுதியுடையோர்க்குக் கொடுப்பது ஐயம் என்றும், ப்ரஹ்மசாரிகளுக்கும் ஸந்யாஸிகளுக்கும் இடுவது பிச்சை என்றும் வ்யாக்யாதாக்கள் பிரித்துக் காட்டுவர். விடுவதும் கொடுப்பதும் ஒரே பாசுரத்தில் அமைந்திருக்கின்றன. கொடாமல் விட்டால் அது சிக்கனம். சில வேளைகளில் லோபம். நோன்பாகாது.

மேலும் ஒன்று. நெய்யும் பாலும் ஆய்ப்பாடிக்கு வெளியிலிருந்து வந்த ஆடம்பரங்கள் அல்ல, அவ்வூரின் தொழில். பசுக்கள் குடங்களை நிறைப்பதை அடுத்த பாசுரமே பேசுகிறது. ஆகவே அச்சிறுமியர் தம் ஊரில் விளைந்ததை ஒழிக்கவில்லை. தாம் நுகர்வதை நிறுத்தினார்கள். தாம் உண்ணாதது பிறர்க்கு ஆயிற்று.

இதைச் சிவகாசியில் வைத்துப் பார்க்கும்போது கேள்வி கடினமாகிறது. மழை குறைந்த கரிசல் பூமி அது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தபின், விவசாயம் கைவிட்ட குடும்பங்களுக்குப் பிழைப்புக் கிடைத்தது. பட்டாசும் அச்சும் தொடர்ந்தன. இன்று பல லட்சம் பேர் இத்தொழில்களை நம்பி வாழ்கிறார்கள். ஒருநாள் ஒளிக்காக ஆண்டு முழுவதும் மருந்து செலுத்துகிறவர்கள் அவர்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்கும் நேரத்தையும் அதில் சேரும் ரசாயனங்களையும் கட்டுப்படுத்தியபோது, காற்றுக்கு நன்மை என்று நகரங்கள் மகிழ்ந்தன. இவ்வட்டாரத்திலோ அடுப்பைப் பற்றிய கவலை எழுந்தது. ‘நாம் வாங்குவதைக் குறைத்தால் அவர்கள் பட்டினி கிடப்பார்களே, எளிமை என்பது வசதி உள்ளவர்களின் விளையாட்டல்லவா?’ என்று ஒருவர் கேட்டால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

இதற்கு நாம் சொல்லக்கூடியது இது. அவர்கள் பிழைப்பதற்காக நாம் வாங்கிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது தர்மமன்று. உயிருக்கு ஆபத்தான வேலையில் அவர்களை என்றும் நிறுத்தி வைப்பது உபகாரமும் ஆகாது. ஆனால் ஐயாயிரம் ரூபாய்க்குப் பட்டாசு வாங்கியவர் ஐந்நூறு ரூபாயோடு நிறுத்தி, மீதியை வங்கியில் போட்டுக்கொண்டால் அவர் வீட்டில் இடம் மிஞ்சியது. இன்னொருவர் வீட்டில் கூலி குறைந்தது. நம் எளிமையின் செலவை அவர்கள் மட்டும் சுமக்கலாகாது. வாங்காமல் விட்ட தொகை நம்முடையதன்று என்று கொள்வதே ஆண்டாள் காட்டிய வழி. அது அத்தகைய குடும்பத்துக் குழந்தை ஒன்றின் படிப்புக்குப் போகலாம், தீக்காயம் பட்டவரின் மருத்துவத்துக்குப் போகலாம், ததீயாராதனத்துக்குப் போகலாம். வாங்கும் சிறிதளவையும் உரிமம் பெற்றவரிடம் உரிய விலை கொடுத்து வாங்கலாம். அளவுக்கு மிஞ்சிய மருந்தையும் ஆட்களையும் ஓரிடத்தில் அடைத்து அவசரமாகச் செய்வதே விபத்துக்கு வழி என்பர். மலிவு வேண்டும் என்ற நம் ஆசைக்கும் அதில் பங்கு இல்லாமலில்லை. இதனால் அவர்கள் குறை முழுவதும் தீர்ந்துவிடாது. நம் நோன்பின் மறுபாதி மட்டும் நிறைவேறும்.

விருதுநகரில் பிறந்த காமராஜர் 1954 முதல் 1963 வரை மாநிலத்தின் முதலமைச்சராய் இருந்தார். சென்னையில் கடைசிவரை வாடகை வீட்டில் வாழ்ந்து 1975-இல் மறைந்தார். அவர் தமக்குச் சேர்க்காததை மட்டும் நாம் புகழ்கிறோம். அவர் ஆட்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கிடைத்தது என்பதையும் சேர்த்து நினைத்தால்தான் அவர் எளிமையின் முழு வடிவம் தெரியும்.

நடைமுறையில் செய்யத் தக்கவை சில. நாட்காட்டிகளையே எடுத்துக்கொள்வோம். பெருமாளும் தாயாரும் அச்சான படங்களாதலால் எறிய மனம் வருவதில்லை. அவை ஆண்டுதோறும் பரணில் சேர்ந்து, ஒருநாள் கோயில் மரத்தடியில் கொண்டுபோய் வைக்கப்படுகின்றன. கோயிலுக்குப் பாரமாகும் இச்செயல் மரியாதையாகாது. திதியும் ஏகாதசியும் ஆழ்வார் திருநக்ஷத்ரமும் அறிய வீட்டுக்கு ஒன்று போதும். மற்றவற்றைக் கடையிலேயே பணிவோடு மறுத்துவிடலாம். கோயிலாழ்வாரில் எழுந்தருளியிருக்கும் மூர்த்திகளுக்குக் குறைவற நித்ய திருவாராதனம் நடப்பது, சுவர் நிறையப் படங்கள் தூசி படிந்திருப்பதைக் காட்டிலும் சிறந்தது.

துணிகளைக் கொடுப்பதானால் துவைத்து, கிழியுமுன் கொடுக்க வேண்டும். கந்தலைத் தள்ளுவது ஐயமாகாது. நாம் திறவாத வ்யாக்யான நூலைக் காலக்ஷேபம் கேட்கத் தொடங்கியிருக்கும் ஓர் இளைஞரிடம் சேர்க்கலாம். புதிதாக ஒன்றை வாங்குமுன், ஆழ்வான் கேட்ட கேள்வியை நம்மையே கேட்டுக்கொள்ளலாம்: இது மடியில் கனமாகுமா?

நெய்யை விட்ட அதே சிறுமியருக்கு இருபத்தேழாம் பாசுரத்தில் வளையும் தோடும் ஆடையும், நெய் வழியும் பாற்சோறும் கிடைக்கின்றன. அங்கே அவர்கள் அவற்றைத் தனித்தனியே வைத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் கூடியிருந்து அனுபவிக்கிறார்கள். இருபத்தொன்பதாம் பாசுரத்திலோ, பறைகூட வேண்டாம், என்றென்றைக்கும் உனக்கே ஆட்செய்ய வேண்டும், வேறு விருப்பங்களை நீயே மாற்றிவிடு என்று முடித்துவிடுகிறார்கள். பொருள்கள் தாமே தீயவை அல்ல என்பதும், அவை அவனால் தரப்பட்டு அடியாரோடு பகிரப்படும்போது ப்ரஸாதமாகின்றன என்பதும், அதற்கும் மேலே அவனுக்கு ஆட்பட்டிருப்பதே நாம் விரும்பத் தக்கது என்பதும் இதனால் தேறும். இந்த நினைவோடு நம் வீட்டுப் பரணைத் திறப்போமாக.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.