கணக்கில் ஏறாத காடு

சாலை போட்டால் அதனை ஆஸ்தி என்று எழுதும் நகரசபைகள், மரம் நட்டால் பெரும்பாலும் செலவு என்றே எழுதுகின்றன. போட்ட நாள்தொட்டுச் சாலை தேய்கிறது, மரமோ வளர்கிறது. எதனைச் செல்வமென மதிப்பது என்னும் நியாயப் பிரச்சினை இதனுள் அடங்கியிருக்கிறது.

பத்து காவானை எடுத்துக்கொள்வோம். பினாங்கு சர்க்கரைத் தோட்டக் கம்பெனியின் கரும்பு விளைந்த அவ்வூரில் நம் முன்னோர் கூலிகளாக உழைத்தனர். கிராணியின் செக்ரோலில் வேலைக்கு வந்த நாள் ஏறிற்று. காய்ச்சலில் கரைந்த உடம்பு ஏறவில்லை. பின்னர் ரப்பரும் செம்பனையும் வந்தன. 2014இல் இரண்டாம் பாலம் திறக்கப்பட்டபின் ஆலைகளும் மாடிவீடுகளும் பெருகின. கணக்கெழுதும் முறை மட்டும் பழைய செக்ரோலின் வழியிலேயே செல்கிறது. எங்ஙனமெனில், செபராங் பிறை மாநகர மன்றம் வரி விதிப்பது சொத்துக்களின் ஆண்டு மதிப்பின்மேல். சதுப்பைத் தூர்த்துக் கடைவரிசை எழுப்பினால் பெட்டி நிறையும். அரசாங்கச் சதுப்பு சதுப்பாகவே நின்றால் ஒரு காசும் வராது.

நிற்க. அதே கரையில், சற்றுத் தெற்கே சுங்கை ஆச்சேயில், பினாங்குக் கரையோர மீனவர் நலச் சங்கத்தார் நெடுங்காலமாகப் பாக்காவ் கன்றுகளை நட்டு வருகின்றனர். அம்மரங்கள் அலையின் வேகத்தைத் தணிப்பன, மீன்குஞ்சுகளை வளர்ப்பன. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை பினாங்கில் ஐம்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பின்னரே பலர் இதனை உணர்ந்தனர். அவ்வேலைக்குக் கல்லணை கட்டியிருந்தால் அது ஆஸ்திப் பட்டியலில் ஏறியிருக்கும்!

மரத்துக்குத் தொகை எழுதினால் அதனை விற்பவனும் வந்துவிடுவான் என்று சில அன்பர்கள் அஞ்சுவர். அவ்வச்சம் வீணானதெனச் சொல்லமாட்டோம். ஆனால் இன்று அவ்விடத்தில் எழுதியிருப்பது பூஜ்யமாயிற்றே. பூஜ்யத்தை இழக்க எவர் தயங்குவர்? கனடாவிலுள்ள கிப்ஸன்ஸ் என்னும் சிற்றூர் 2014இல் தன் நிலத்தடி நீரையும் குளங்களையும் குழாய், சாலைகளோடு சேர்த்து ஆஸ்தியாக ஏற்றது. குளம் இல்லாவிடின் மழைநீரைத் தாங்க என்ன கட்டவேண்டும், அதற்கு எவ்வளவு ஆகும் என்னும் தொகையையே அங்கு மதிப்பாகக் கொண்டனர்.

பினாங்குத் தீவின் வெள்ளத்தையும் வெப்பத்தையும் இயற்கையைக் கொண்டே தணிக்கும் திட்டத்துக்கு உலகத் தழுவல் நிதியிலிருந்து ஒரு கோடி அமெரிக்க டாலர் கிடைத்திருக்கிறது. நல்லதே. எனினும் நன்கொடை கன்றை நடும். பத்தாம் ஆண்டில் அதனைப் பேணவேண்டியது ஊரார் வரிப்பணம்.

செபராங் பிறை மன்றத்தாரிடம் நாம் அதிகம் கேட்கவில்லை. ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் கூடுதலாக அச்சிடட்டும்: ஆண்டுத் தொடக்கத்தில் பத்து காவானில் எத்தனை ஏக்கர் சதுப்புக்காடு நின்றது, முடிவில் எத்தனை நிற்கிறது, குறைந்திருந்தால் அதற்குக் கையொப்பமிட்டவர் எவர் என்று.