மிகிந்தலையில் ஒலித்த வில்நாண்



பட்டான்செருவிலும் சுற்றியுள்ள ஆலைகளிலும் உழைக்கும் நம்மவருட் சிலர், சொந்த ஊர்த் திருவிழாவுக்குச் செல்லுங்கால் முயல் வேட்டைக்கும் உடன் போகின்றனர். வலை கட்டி, நாய்களை ஏவி, பிடிபட்ட முயல்களைக் கோலில் கட்டி மேளத்துடன் சுமந்து வருவர். பஞ்சசீலம் ஏற்றவர் இதிற் கலக்கலாமோ என்று வினவினால், "சாமிக்குப் படைத்து, மரியாதையோடுதானே உண்கிறோம்" என்கின்றனர். அந்த மரியாதையைக் குறித்தே இன்று ஆராய்வோம்.

தேவானம்பிய திஸ்ஸ மன்னன் மிகிந்தலைக் குன்றில் வேட்டையாடிய கதையை மகாவம்சம் உரைக்கின்றது. மேய்ந்துகொண்டிருந்த கடமானைக் கண்டான் மன்னன். அறியாது நிற்கும் விலங்கை எய்தல் தகாது என்றெண்ணி வில்நாணைத் தெறித்து ஒலியெழுப்பினான். மான் ஓடிற்று. தொடர்ந்து சென்றவன் எதிரே அசோகரின் மைந்தரான மகிந்த தேரர் நின்றார். தேரர் அவனை வேடனென்று இகழ்ந்தாரில்லை. "திஸ்ஸா" என்று பெயர் சொல்லி அழைத்தார். மாமரத்தைக் காட்டிச் சில வினாக்கள் விடுத்து அவன் அறிவை அளந்தார். அதன்பின்னரே தம்மம் போதித்தார். அந்த நாணொலியிலேயே தம்மத்தின் வித்து இருந்ததென்பது நம் கருத்து. விலங்கிற்கும் உயிர்மேல் ஆசை உண்டென்று கை ஒப்புக்கொண்டுவிட்டது. மனம் ஒப்புக்கொள்ளத் தேரர் வரவேண்டியிருந்தது. அன்று வேட்டைக்காடாயிருந்த மிகிந்தலை இன்று வனவிலங்குச் சரணாலயம்.

நம் மாநிலத்தின் தெற்கே நல்லமலைக் காட்டில் வாழும் செஞ்சு மக்கள், வேட்டையிற் கிடைத்த இறைச்சியில் சிறு துண்டைச் சுட்டுக் கரேலமைசம்மா என்னும் வனதேவதைக்குப் படைப்பரென்று 1943இல் வெளியான தம் நூலில் ஹைமென்டார்ஃப் எழுதினார். அவர்களை நாம் பழிக்கமாட்டோம். காடே அவர்களுக்குக் களஞ்சியமாயிருந்தது. நகரின் கிழக்கே இன்று மகாவீர் ஹரிண வனஸ்தலி எனப்படும் காடோ, நிஜாமின் வேட்டைக்களமாயிருந்தது. பசித்தா வெளிமானைச் சுட்டனர்? பாபாசாகேப் அம்பேத்கர், 1957இல் வெளிவந்த "புத்தரும் அவர் தம்மமும்" என்னும் நூலில், கொல்ல வேண்டிய தேவை வேறு, கொல்லும் விருப்பம் வேறு என்று பிரித்துக் காட்டினார். திருவிழா முயலை அந்தத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஊரில் அரிசியும் உண்டு, கறிக்கடையும் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முயல் வேட்டையைத் தடுக்கவும் செய்கின்றது.

இதைச் சாக்காக்கி நம் வீட்டுச் சட்டியை எட்டிப்பார்க்க எவருக்கும் உரிமையில்லை. கறி உண்பவனைத் தீண்டாதே என்றவர்கள் கற்பித்தது ஜீவகாருண்யமன்று.

கர்நூல் மாவட்டத்து எர்ரகுடிப் பாறையில் அசோகர் தம் மடைப்பள்ளிக் கணக்கையே வெட்டுவித்தார். நாள்தோறும் பல்லாயிரம் உயிர்கள் மடிந்த அவ்விடத்தில் மூன்றே எஞ்சின: இரு மயில்கள், ஒரு மான், மானும் எந்நாளும் அன்று. இவற்றையும் இனிக் கொல்வதில்லையென்றும் அறிவித்தார். பேரரசரும் படிப்படியாகத்தான் குறைத்தார்.

ஆகையால், வலை பிடிக்க அழைக்கும் மாமனோடும் மைத்துனனோடும் பகை வேண்டா. மேளத்துக்கு நில்லுங்கள், பந்தியிற் பரிமாறுங்கள். காட்டுக்கு மட்டும் போகாதீர்கள். ஏனென்று அவர்கள் கேட்டால், திஸ்ஸனின் கதையைச் சொல்லுங்கள்.