மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாய்

உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தில் கூலி வேலை செய்யும் ஒருவரின் மகனுக்கு, 2024-இல் தன்பாத் ஐஐடியில் மின் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. இடத்தை உறுதிசெய்ய 17,500 ரூபாய் கட்ட வேண்டும். கெடு ஜூன் 24, மாலை 5 மணி. ஊரார் கைகொடுத்துப் பணம் திரண்டபோது நேரம் முடியும் தறுவாயில் இருந்தது. சான்றிதழ்களை ஏற்றியாயிற்று. பணம் போய்ச் சேருமுன் இணையதளம் மூடிக்கொண்டது, இடமும் போயிற்று. அந்தத் தலித் மாணவருக்கு அது இரண்டாவது முயற்சி. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வை மூன்றாம் முறை எழுத விதி இடம் தராது.

அவ்வாண்டு தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்து, பிறகு உச்ச நீதிமன்றம் போனது. செப்டம்பர் 30 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆவது பிரிவைக் கையிலெடுத்து, மாணவரைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. நல்ல தீர்ப்புதான். அதற்குப் பின் உத்தரப் பிரதேச அரசும் அவருடைய படிப்புச் செலவை ஏற்பதாக அறிவித்தது. ஜூன் மாதத்திலும் அந்த அரசு இருந்ததே! ஏழை மாணவருக்குத் தேவையான பணம் கட்டண நாளுக்கு முன்பே கிடைக்கச் செய்வது அரசின் கடமை, கல்வி நிறுவனத்தின் கடமை. அதை அவருடைய சாமர்த்தியத்துக்கும் ஊராரின் இரக்கத்துக்கும் விட்டுவிடுவது அறமன்று.

உதவியை வள்ளுவர் அளந்த கோல் காலம். உரிய வேளையில் செய்த உதவி சிறிதே ஆனாலும் இந்த உலகைவிடப் பெரிது என்றார். ஈகையைப் பேசும்போது இன்னும் ஒருபடி மேலே போனார்: ‘இல்லை’ என்ற சொல்லை ஒருவர் வாயிலிருந்து வரவழைக்காமல் கொடுப்பதே நற்குடிப் பண்பு. நம் நடைமுறையோ அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறது. வருமானச் சான்றுக்கு ஒரு நாள், சாதிச் சான்றுக்கு ஒரு நாள், முதல் பட்டதாரிச் சான்றுக்கு ஒரு நாள் என இ-சேவை மையத்துக்கும் கிராம நிர்வாக அலுவலகத்துக்கும் அலைகிற தாய் தந்தையர் ஒவ்வொரு நாளும் ஒரு கூலியை இழக்கிறார்கள்.

கீழ்நிலையில் பிறந்தவன் கற்றால் மேல்நிலையில் உள்ளவனும் அவனிடம் வந்து நிற்பான் என்று பாண்டியன் நெடுஞ்செழியன் புறநானூற்றில் பாடினான். ஆசானுக்கு மிகுந்த பொருள் கொடுத்தும் கற்க வேண்டும் என்று அதே பாட்டு சொல்கிறதே எனச் சிலர் கேட்கலாம். கொடுக்க இருப்பவனுக்குச் சொன்னது அது. பாரதியோ அன்னசத்திரங்களையும் ஆலயங்களையும்விட, ஓர் ஏழைக்கு எழுத்தறிவிப்பதை மேலான புண்ணியமாக வைத்தார். வள்ளுவரும் பாண்டியனும் பாரதியும் ஒரே திசையைக் காட்டும்போது நாம் எந்தத் திசையில் தேடிக்கொண்டிருக்கிறோம்?

கெடு எல்லாருக்கும் ஒன்று, ஒருவருக்குத் தளர்த்தினால் நடுவுநிலை கெடும் என்ற வாதமும் உண்டு. மாணவர் பிற்பகல் 3 மணிக்கே இணையதளத்துக்குள் வந்துவிட்டார், நினைவூட்டல்களும் அனுப்பினோம் என்று எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது. விதி வேண்டும்தான். ஆனால் கடமை சிதையாமல் கண்ணோட வல்லவர்க்கே உலகம் உரியது என்றும் குறள் சொல்கிறது. நீதிமன்றம் அதைச் செய்தே காட்டியது: கூடுதலாக ஓர் இடம் உருவாக்கச் சொன்னதால் வேறு எந்த மாணவரும் இடம் இழக்கவில்லை.

தமிழ்நாடும் இந்தப் பாடத்தைத் தாமதமாகத்தான் படித்தது. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தபோது, தனியார் கல்லூரிக் கட்டணத்துக்கு வழியில்லாமல் சிலர் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு வந்தார்கள். கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு அதன் பிறகுதான் வந்தது. இன்று புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன, பாராட்ட வேண்டும். எனினும் அது பேருந்துக்கும் புத்தகத்துக்கும் ஆகும். கல்லூரிக் கட்டணத்துக்குக் காணாது.

ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு உட்பட்ட பட்டியலினக் குடும்பங்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில்தான் பெரிய சிக்கல். ஒன்றிய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. இடைத்தரகரை ஒழிக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் பணம் வரத் தாமதமானால், கல்லூரி அலுவலகத்தின் முன் கைகட்டி நிற்பது அந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளைதான். உதவித்தொகைக்குத் தகுதியுள்ளவர் என்று தெரிந்தபின் சேர்க்கையன்று அவரிடம் பணம் கேட்பதே தவறு. அரசு பாக்கி வைத்தால் கல்லூரி அரசிடம் கேட்கட்டும். தேர்வு நேரத்தில் ஹால் டிக்கெட்டை நிறுத்திவைத்துப் பிள்ளையிடம் கேட்கும் உரிமை எந்த நிர்வாகத்துக்கும் கிடையாது.