வணக்கமும் வாய்மையும்

காலையில் ஆசிரியர் வகுப்பறைக்குள் அடியெடுத்து வைத்ததும் பிள்ளைகள் எழுந்து நின்று, "வணக்கம் டீச்சர்" என ஒரே குரலில் நீட்டி முழங்குவர். நாமும் "வணக்கம், உட்காருங்கள்" என்போம். இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் பிள்ளைகள் எப்போதும் அந்த ஒரு சொல்லோடு நின்றுவிடுவதில்லை. வீட்டில் பழகிய சொல் வாயில் வந்துவிடும். 'ஸ்தோத்திரம்' சொல்லும் பிள்ளை, 'ஸலாம்' கூறும் பிள்ளை, 'சாமி புண்ணியத்துல பாஸாயிட்டேன்' என்று ஓடிவரும் பிள்ளை, 'ஜெய் ஜினேந்திரா' என்பதை நமக்கு மட்டும் கேட்கும்படி தாழ்ந்த குரலில் சொல்லும் நம் வீட்டுப் பிள்ளை எனப் பலரையும் ஒரே அறையில் கண்டிருக்கிறோம்.

உலகைப் படைத்துக் காத்து அழிக்கும் கடவுள் ஒருவர் உண்டு என்பதை நம் திருவறம் ஏற்பதில்லை. அங்ஙனமாயின், சத்திய அணுவிரதம் பூண்ட சிராவகி ஒருத்தி ஆசிரியையாக இருக்கும்போது, "சாமி உங்களைக் காப்பாத்தும்" என்று ஒரு குழந்தை சொன்னால் அவள் என்ன மறுமொழி கூறுவது? ஏற்றுக்கொண்டால் அது பொய்யாகுமா?

இவ்வினா நமக்கு ஏட்டிலிருந்து எழவில்லை. பயிற்சி முடித்துப் பணியேற்ற மூன்றாம் ஆண்டில், வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு நடத்தி வந்தோம். கணக்கு நோட்டு இல்லாமல் இரண்டு வாரம் பக்கத்துப் பிள்ளையின் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்த சிறுமி ஒருத்திக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தோம். இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு, "சாமி உங்கள நல்லா வச்சிருக்கும் டீச்சர்" என்றாள். அந்தக் கோடை விடுமுறையில்தான் நாம் பெரியவர் ஒருவரிடம் சமய நூல்களைப் பாடம் கேட்டுத் திரும்பியிருந்தோம். புதிதாகக் கற்றவருக்கு உள்ள துடிப்பு நமக்கும் இருந்தது. "சாமி யாரையும் நல்லா வைக்கிறதில்லை அம்மா. அவரவர் செய்த வினைதான்" என்றோம். சிறுமி சற்று நேரம் நின்றாள். பிறகு, "அப்போ எங்க அம்மாவ?" என்றாள்.

அவளுடைய தாய் ஒரு மாதமாகப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடப்பது வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. நமக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை. நாம் கூறியது அவள் செவியில் எப்படி விழுந்திருக்கும் என்பதை எண்ணினால் இன்றும் நெஞ்சு நடுங்குகிறது. காப்பாற்ற ஒருவரும் இல்லை என்பதோடு, உன் தாய் படும் துன்பம் அவளே தேடிக்கொண்டது என்றும் அன்றோ சொல்லிவிட்டோம்! ஒரு நோட்டுக்கு நன்றி சொல்ல வந்த குழந்தையிடம்.

நாம் கூறியது சித்தாந்தப்படி உண்மைதானே என்று சில நாள் நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். அந்தச் சமாதானத்தை நம் ஆசாரியர்களே நிற்கவிடவில்லை. தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமிகள் பொய்க்கு இலக்கணம் கூறும் இடத்திற்கு, பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் தரும் விளக்கம் கூர்ந்து நோக்கத்தக்கது. உயிர்க்குத் துன்பம் தரும் சொல், உள்ள பொருளைப் பற்றியதாயினும் இல்லாத பொருளைப் பற்றியதாயினும், பொய் என்றே அவர் கொள்கிறார். திருக்குறளின் வாய்மை அதிகாரமும் தீங்கு பயவாமையையே முதலில் வைத்துத் தொடங்குகிறது. ஆகவே அன்று வகுப்பறையில் பொய் சொன்னவர் யார் என்று கேட்டால், அது அச்சிறுமி அன்று.

அவள் கூறிய சொல் எவ்வகையைச் சேர்ந்தது? நேமிசந்திர சித்தாந்த சக்ரவர்த்திகள் அருளிய கோம்மடசாரத்தின் ஜீவகாண்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. மெய்யும் அன்று, பொய்யும் அன்று என்னும் அனுபய வசனம் ஒன்பது வகை என்கிறது அந்நூல். ஒருவரை விளித்தல், ஏவுதல், வேண்டுதல், வினவுதல் முதலியன அதில் அடங்கும். 'இங்கே வா' என்பது மெய்யா பொய்யா என்று யாரும் வழக்காடுவதில்லை. வணக்கமும் வாழ்த்தும் இவ்வினத்தைச் சார்ந்தவை என்பது நம் கருத்து. சிறுமி உலகத் தோற்றத்தைப் பற்றி ஒரு கொள்கையை நிலைநாட்ட வரவில்லை. நம்மை நோக்கி ஒரு நல்லெண்ணத்தை நீட்டினாள்; அதற்கு அவள் வீட்டில் கிடைத்த பாத்திரம் அந்தச் சொல்.

மெய்ம்மொழியையும் அந்நூல் பத்தாக வகுக்கிறது. அரசியைத் 'தேவி' என்றழைத்தல் பலர் இசைவால் மெய். ஜினன் கொடுக்காவிடினும் ஒருவனை 'ஜினதத்தன்' என்றழைத்தல் பெயரளவில் மெய். வேகின்றது அரிசியாயினும் 'சோறு ஆகிறது' என்பது வழக்கால் மெய். அடுப்படியில் நின்றுகொண்டு இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. நாள்தோறும் சோறு ஆக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டே, ஒரு குழந்தையின் 'சாமி'யை மட்டும் நிறுத்துப் பார்த்தோமே!

தமிழ் இலக்கணமும் இதற்கு அயலானதன்று. சமண முனிவராகிய பவணந்தியார் நன்னூலில் தகுதி வழக்கு என்பதன்கீழ் மங்கல வழக்கை வைத்தார். இறந்தார் என்னாது துஞ்சினார் என்கிறோம். மாற்றலாகி ஊரைவிட்டே போகும் ஆசிரியரும் 'போய் வருகிறேன்' என்றுதான் சொல்லிக்கொண்டு போகிறார். திரும்பி வரவில்லையே என்று அவரை எவரும் பொய்யர் எனத் தூற்றியதில்லை.

ஆயினும் 'சாமி சத்தியமா நான் எடுக்கல டீச்சர்' என்பதை இவ்வினத்தில் சேர்க்க நம் மனம் ஒப்பவில்லை. பென்சில் காணாமற்போன நாளெல்லாம் சாமியும், அம்மாவும், படிக்கும் புத்தகமும் சாட்சிக்கு இழுக்கப்படும். அது வாழ்த்து அன்று. ஐயத்திற்குரிய ஒரு கூற்றுக்கு முட்டுக்கொடுப்பது. 'எடுக்கவில்லை என்று மட்டும் சொல், நம்புகிறேன்' என்போம். இவ்வாறு நம்பிச் சிலமுறை ஏமாந்ததும் உண்டு. அதனால் அவ்வழக்கத்தை நாம் கைவிடவில்லை.

சொல்லவந்த பிள்ளையைத் தடுப்பது ஒரு தவறு. சொல்ல விரும்பாத பிள்ளையை வற்புறுத்துவது அதனினும் பெரிது. 1985ஆம் ஆண்டு கேரளத்தில், யெகோவாவின் சாட்சிகள் என்னும் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதம் பாடாமைக்காகப் பள்ளியினின்று நீக்கப்பட்டனர். கீதம் ஒலிக்கையில் அவர்கள் மரியாதையுடன் எழுந்தே நின்றனர், பாடவில்லை, அவ்வளவே. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டது. எழுந்து நின்றதே மரியாதைக்குப் போதுமானதாயிற்று. அரசமைப்பின் 28ஆம் பிரிவும், அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவின்றி எப்பிள்ளையையும் சமய வழிபாட்டில் ஈடுபடுத்தலாகாது என்கிறது. படைத்தவனைப் போற்றும் பாட்டு காலை வணக்கத்தில் ஒலிக்கும்போது நம் பிள்ளைகள் சிலர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறோம். அவர்களிடம், 'கைகூப்பி நில், அது போதும். வாயசைப்பது வேண்டாம்' என்று சொன்னோம். வாயசைப்புத்தான் உண்மையில் பொய் என்பது நம் எண்ணம். இதனை ஏற்காத பெற்றோரும் நம்மிடையே உண்டு. ஊரோடு ஒத்துப்போகக் கற்க வேண்டாமா என்பார்கள். ஒத்துப்போதல் வேறு, நடித்தல் வேறு என்பதைப் பத்து வயதுப் பிள்ளை அறியும்.

இனி, மறுமொழிக்கு வருவோம். நம் வாய்க்குப் பொருந்தாத சொல்லை நாம் சொல்ல வேண்டியதில்லை. 'ஸ்தோத்திரம்' என்ற பிள்ளைக்கும் 'ஜெய் ஜினேந்திரா' என்ற பிள்ளைக்கும் ஒன்றுபோல் கைகூப்பி, 'நல்லா இரு' என்று சொல்லி வந்தோம். எல்லா உயிரும் நலமுற எண்ணும் மைத்ரீ பாவனைக்கு இதைவிட எளிய தமிழ் நமக்குத் தெரியவில்லை. குழந்தை நேரே கேட்டுவிட்டால், 'எங்க அம்மாவ?' என்று கண்ணைப் பார்த்துக் கேட்டால் என்ன செய்வது? அப்போது சித்தாந்தமும் வேண்டாம், பொய்யான உறுதிமொழியும் வேண்டாம். அம்மாவுக்கு என்ன உடம்பு, யார் சோறு ஆக்கிப் போடுகிறார்கள் என்று நாம் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். அன்று அது தோன்றவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

அத்தாய் பிழைத்து வீடு திரும்பினாள். ஆனால் அச்சிறுமி அவ்வாண்டு முழுவதும் நம்மிடம் 'வணக்கம் டீச்சர்' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கூடுதலாகச் சொல்லவில்லை. தசலட்சண பருவம் நிறைவுற்றபின் உற்றார் உறவினரிடம் 'உத்தம க்ஷமா' சொல்லி மன்னிப்பு வேண்டும்போது, நேரில் காண முடியாதவர்களையும் மனத்தால் வரிசையாக நினைத்துக்கொள்வது நம் வழக்கம். அவ்வரிசையில் அவளும் வருகிறாள். அவளுக்கு இப்போது அறுபது வயதிருக்கும். எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள் என்பது தெரியவில்லை.