கைமாறும் சொல்லுக்குப் பொறுப்பாளி யார்?

ஒரு சொல்லைப் படைத்தவன் ஒருவன். அதனைக் கேட்டுப் பிறரிடம் சேர்ப்பித்தவன் மற்றொருவன். அச்சொல்லினால் ஓர் உயிர்க்குத் தீங்கு நேருமாயின் அவ்வினை யாரைச் சாரும்? படைத்தவனையா, சுமந்தவனையா? "நான் சொன்னதன்று, பிறர் சொன்னதைச் சொன்னேன்" என்று கூறி ஒருவன் விலகிக்கொள்ளலாமா? பழமையான இக்கேள்வி, கைப்பேசி வீடுதோறும் புகுந்துவிட்ட இந்நாளில், நாம் ஒவ்வொருவரும் நாடோறும் விடை கூறவேண்டிய கேள்வியாகிவிட்டது.

இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று என்பதற்கு 2018ஆம் ஆண்டு சான்று பகரும். பிள்ளை பிடிப்போர் வடநாட்டிலிருந்து வந்திருக்கின்றனர் என்னும் பொய்ச் செய்தி அவ்வாண்டில் வாட்ஸ்அப் வழியாக வட தமிழ்நாட்டு மாவட்டங்களில் பரவிற்று. மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு குடும்பத்தார் வழியிற் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தனர். அந்த அன்பே குற்றமாயிற்று. திரண்ட கூட்டம் தாக்கியதில் 65 வயது மூதாட்டி ஒருவர் உயிர் துறந்தார். அதே மாதத்தில் பழவேற்காட்டிலும் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை 1ஆம் நாள், மகாராஷ்டிரத்துத் துலே மாவட்டத்தில் ரெயின்பாடா என்னும் சிற்றூரில், ஊர் ஊராகச் சென்று இரந்துண்டு வாழும் நாடோடிக் குலத்தார் ஐவர் மாண்டனர். இவருள் எவரும் பிள்ளை பிடித்தவரல்லர். தாக்கிய கைகளைச் சட்டம் தேடிச் சென்றது. செய்தியைத் தள்ளிவிட்ட எண்ணிறந்த விரல்களை எங்ஙனம் தேடுவது?

இக்கொடுமைகளுக்குப் பின்னர், அரசாங்கத்தின் கண்டனத்துக்கும் ஆளாகிய வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தி கண்ணுக்குத் தோன்றும் முறையையே மாற்றியமைத்தது. 2018 ஜூலை 10ஆம் நாள் முதல், பிறரிடமிருந்து வந்து மேலும் அனுப்பப்படும் செய்தியின் தலையில், அது முன்னனுப்பப்பட்டது என்று காட்டும் குறி தோன்றலாயிற்று. அதே மாதத்தில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்குமேல் அனுப்பவியலாத வரம்பு விதிக்கப்பட்டது. 2019 ஜனவரியில் அவ்வரம்பு உலகெங்கும் பரவியது. 2019 ஆகஸ்டில், ஐந்து கைகளேனும் மாறி வந்த செய்திக்கு இரட்டை அம்புக்குறி இடப்பட்டது. 2020 ஏப்ரலில், அவ்வாறு பலமுறை கைமாறிய செய்தியை ஒரு வேளைக்கு ஓரிடத்துக்கே அனுப்பலாம் என்றாயிற்று. அதன்பின் அத்தகைய செய்திகளின் போக்குவரத்து 70 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனமே கூறியது.

இம்மாற்றத்தின் நுட்பம் யாதெனின், முன்னர் நண்பன் தன் கையால் எழுதியதும், யாரோ எங்கோ எழுதியதை நண்பன் தள்ளிவிட்டதும் ஒரே உருவில் தோன்றின. நண்பனிடம் நாம் வைத்த நம்பிக்கை, முகமறியாத ஒருவனுடைய சொல்லின்மேல் நம்மையறியாமலே ஏறிக்கொண்டது. சிறிய அக்குறி அவ்விரண்டையும் பிரித்துக் காட்டியது. அச்சகங்களைப் பொறுத்தவரை இந்நாட்டில் இத்தகைய ஏற்பாடு பழமையானதே. 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம், ஒவ்வொரு நூலிலும் துண்டறிக்கையிலும் அச்சிட்டோர் பெயரும் அச்சிட்ட இடமும் காணப்படவேண்டும் என்று விதித்தது. பெயரில்லாது வருவதை மொட்டைக் கடிதம் என்று மக்கள் இகழ்ந்தனர். திருப்பதி முதலிய தலங்களின் பெயரால், "இதனைப் பலருக்கு எழுதி அனுப்புக, தவறினால் கேடு வரும்" என்று அச்சுறுத்தி வந்த அஞ்சலட்டைகளையும் முதியோர் அறிவர். எனினும் அவற்றை அனுப்ப விழைந்தவன் ஒவ்வோர் அட்டையையும் காசு கொடுத்து வாங்கிக் கையால் எழுத வேண்டியிருந்தது. அவ்வுழைப்பே ஒரு தடையாய் நின்றது. கைப்பேசி அத்தடையை நீக்கிற்று. வரம்பும் குறியும் அதனை ஓரளவு மீட்டுத் தந்தன.

ஆயினும் குறி கூறுவது எது, கூறாதது எது என்பதை நாம் தெளிதல் வேண்டும். அனுப்புவோரும் பெறுவோருமன்றி வேறெவரும், அந்நிறுவனத்தாரும்கூட, செய்தியைப் படிக்கவியலாத ஏற்பாடு 2016 ஏப்ரலிலேயே செய்யப்பட்டுவிட்டது. ஆகலின் அக்குறி, சொல் வந்த வழியைக் கூறுமேயன்றிச் சொல்லின் மெய்ம்மையைக் கூறாது. பலமுறை கைமாறியது என்பதைக் கண்டு, "இத்தனை பேர் அனுப்பியிருக்கின்றனரே, பொய்யாகுமா?" என்று கருதுவோரும் உளர். இவர்கள் எச்சரிக்கையையே சான்றிதழாகக் கொள்கின்றனர்.

நம் தமிழ்ப் பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவைகளை விளக்குகின்றார். காட்சி, கருத்து என்னும் இரண்டுமே அளவைகளென்றும், பிறவெல்லாம் கருத்தளவையுள் அடங்குமென்றும் அங்கே கூறப்படுகின்றது. பிறர் சொன்னார் என்பது தனித்து நிற்கும் அளவையன்று. அச்சொல்லுக்கு அடியில் எவரேனும் கண்டது இருத்தல் வேண்டும். அன்றேல் ஏதுவோடு கூடிய அனுமானம் இருத்தல் வேண்டும். கேசபுத்தத்துக் காலாமர்க்குப் பகவான் அருளிய உபதேசத்தின் கருத்தும் இதுவே. கேள்விப்பட்டது என்ற ஒன்றே ஒரு சொல்லை ஏற்பதற்குப் போதிய காரணமாகாது. இரட்டை அம்புக்குறி இத்தெளிவை நமக்கு நினைவூட்டும் ஒரு கருவி, அவ்வளவே.

இனி முதற்கேள்விக்கு வருவோம். பெறுபவனை எச்சரிக்கப் பிறந்த குறி, அனுப்புபவனுக்கு ஒளிவிடமாகிவிட்டது. "வந்ததை அனுப்பினேன் என்று குறியே காட்டுகின்றதே, என்மேல் என்ன பிழை?" என்கின்றான் அவன். வாய்மைச் சீலத்தை ஏற்றோர்க்கு இவ்விடை போதாது. சொல்லாற் பிறக்கும் தீவினை பொய், குறளை, கடுஞ்சொல், பயனில்சொல் என நான்காம். இவற்றுள் குறளைக்கு நம் தர்மம் தரும் விளக்கத்தை நோக்குக. இங்கே கேட்டதை அங்கே கொண்டுசென்று, மக்களிடையே பிளவு உண்டாகச் சொல்லுதலே குறளையாகும். அங்கே குற்றம் படைத்தலில் மட்டுமன்று, சுமந்து செல்லுதலிலும் இருக்கின்றது. அறியாததை அறிந்ததாகக் கூறாமை வாய்மையின் பகுதி. அறியாத ஒன்றை ஐந்து வீடுகளுக்கு அனுப்புகின்றவன், வாயால் கூறாவிடினும் விரலால் கூறியவனே ஆவான்.

"என் எண்ணம் தூயது, பிள்ளைகளைக் காக்கவே அனுப்பினேன். எண்ணமன்றோ வினை?" என்று ஒரு தாய் கேட்கலாம். இக்கேள்வியை எளிதில் தள்ளிவிடுதல் தகாது. அவள் உள்ளத்தில் வஞ்சமில்லை. கொலை செய்தவனோடு அவளைச் சமமாக வைப்பது அறமன்று. ஆனால் அச்சம் வேறு, கருணை வேறு. தன் பிள்ளைக்காக அஞ்சிய அவ்வேளையில், வழிப்போக்கனும் ஒரு தாயின் பிள்ளை என்பதை அவள் எண்ணவில்லை. எண்ணம் தூயதாக இருப்பதோடு விழிப்பும் உடையதாதல் வேண்டும். அப்பமாதம் என்னும் விழிப்பின்றி நல்லெண்ணம் கண்ணில்லாத காலாகும்.

"செய்தி மெய்யாக இருந்து, நான் அனுப்பாதிருந்து, ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தால்?" என்று அவள் மீண்டும் கேட்பாளாயின், விடை உண்டு. குழந்தைகளைத் தனியே விடாதீர் என்று அயலாரிடம் தன் வாயால் கூறலாம். காவல் நிலையத்தை அழைத்துக் கேட்கலாம். இவற்றால் எவரும் அடிபடார். ஒரு முகத்தையோ ஒரு மொழியாரையோ சுட்டி, "இவரைக் கண்டால் விடாதீர்" என்னும் சொல்லே கொல்லும் சொல். முன்னது காக்கும், பின்னது வேட்டைக்கு ஏவும்.

குறியின் எல்லையை நன்கு காட்டுவன எல்லைப்புற ஊர்களே. சித்தூர் மாவட்டத்துப் பாலசமுத்திரத்தை எண்ணிப் பாருங்கள். ஆட்சி ஆந்திரத்தினுடையது, அக்கம்பக்கத்துப் பள்ளிப்பட்டும் திருத்தணியும் 1960 ஏப்ரல் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன, வீட்டு மொழி பலர்க்குத் தமிழ், பள்ளியிலும் அலுவலகத்திலும் தெலுங்கு. இத்தகைய ஊரில் ஒரே வதந்தி தெற்கிலிருந்து தமிழிலும் வடக்கிலிருந்து தெலுங்கிலும் வந்து சேரக்கூடும். மொழிபெயர்த்தவன் புதிதாக எழுதுகின்றானாதலின், அவன் எழுதியதில் குறி இராது. படியெடுத்து ஒட்டினாலும் குறி அழிந்துபோகும். ஒரு பொய் இரு மொழிகளில் வருங்கால், இரு சாட்சிகள் தனித்தனியே கூறியதுபோலத் தோன்றும். இங்கே எந்நிறுவனத்தின் எவ்வமைப்பும் துணைபுரியாது. மொழிபெயர்ப்பவன் உள்ளத்திலேதான் குறி இருத்தல் வேண்டும். "இது நான் கண்டதன்று, கேட்டது" என்னும் ஒரு தொடரை அவன் எழுதாது விடுவானாயின், பிறன் பொய்யைத் தன் பொய்யாக ஏற்றுக்கொண்டவனாகின்றான்.

இதனால் குறியும் வரம்பும் வீண் என்று கூறேன். எல்லாம் மனத்திலேயே உள்ளது, புறத்து ஏற்பாடு எதற்கு என்பாரை நான் உடன்படேன். சங்கத்துக்கு விநயம் வகுக்கப்பட்டதும், மனம் தளரும் இடத்தில் விதி தாங்கும் என்பதற்காக அன்றோ? நிறுவனங்கள் தம் அமைப்பைத் திருத்த வேண்டியது கடமை. திருத்தியதால் பயன் விளைந்ததும் உண்மை. எனினும் விதி தாங்குவது நிற்க முயல்பவனைத்தான்.

நமக்கு இப்பொறுப்பு ஒருபடி மிகுதியாகும். ஆராயாத ஊர்ச்சொல் எவர்மேல் முதலில் விழும்? அத்திமூரில் விழுந்தது வழிப்போக்கர்மேல், ரெயின்பாடாவில் இரந்துண்போர்மேல். கிணற்றைத் தீட்டாக்கினான், தெய்வத்தை இழிவாக்கினான் என்ற ஊராரின் சொல்லால் தலைமுறை தலைமுறையாக அடிபட்ட மக்களின் வழிவந்தோர் நம்முட் பலர். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளுள் பொய்யுரையேன் என்பதும் ஒன்று. சொல்லால் வருந்தியவன் சொல்லைச் சுமக்கும்போது பிறரினும் மெதுவாக நடத்தல் வேண்டும்.

ஆகலின், உபாசக உபாசிகைகளே, அம்புக்குறியிட்ட செய்தி கைப்பேசியில் வருங்கால் இரண்டைக் கேட்டுக்கொள்வோம். இதனைக் கண்டவர் எவரேனும் உளரா? இது பொய்யானால் அடிபடப் போகின்றவர் யார்? முதற்கேள்விக்கு விடை கிடைக்கும்வரை அச்செய்தி நம்மிடமே தங்கிவிடுக. இரண்டாம் கேள்விக்கு ஓர் எளியவன் முகம் விடையாகத் தோன்றுமாயின், அதனை அனுப்பியவர்க்கே, "இதனை எவ்வாறு அறிந்தீர்?" என்று பணிவோடு எழுதிக் கேட்போம்.