விருப்பப் பாடம்

எம்.ஏ. தமிழ் படித்தபோது வேற்றுத் துறைத் தாள் ஒன்று எடுக்க வேண்டும் என்றார்கள். கூட இருந்தவர்கள் கம்ப்யூட்டர், இதழியல் என்று போனார்கள். நான் இசைத்துறையில் பேர் கொடுத்தேன். காரணம் சிலப்பதிகாரம். அரங்கேற்று காதையை உரையை வைத்துத்தான் ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். குரல், துத்தம், கைக்கிளை என்று ஏழு பேரும் மனப்பாடம். ஒன்றையும் காதால் கேட்டதில்லை.

ஊரில் போய்ச் சொன்னேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "மோளத்த உட்டுத் தொலைக்கணும்னுதான ஒன்னப் படிக்க வச்சேன். அங்க போயும் பாட்டு தாளம்னு நிக்கிறியா?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இசை விருப்பம் இல்லை, ஊழியம். ஊரில் எழவு விழுந்தால் ராத்திரி எந்நேரமானாலும் ஆள் வரும். காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து, வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டு போகணும். மாட்டேன் என்றால் மறுநாள் கழனியில் வேலை இல்லை. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று எத்தனையோ சேரிகள் மறுத்தது இசை பிடிக்காமலா?

வகுப்பில் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. தொடையில் ஆதி தாளம். ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு இரண்டு முறை தட்டும் வீச்சும். மொத்தம் எட்டு. மற்றவர்கள் தடுமாறினார்கள். எனக்குத் தப்பவில்லை.

"வீட்டுல யாராவது சங்கீதமா?" என்று கேட்டார் ஆசிரியை.

"அப்பா பறை அடிப்பார்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அது ஃபோக்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாடத்திட்டமே அப்படித்தான் இருந்தது. தோல் கருவிகளில் மிருதங்கம், கஞ்சிரா, தவில் இருந்தன. பறை இல்லை.

மிருதங்கம் மட்டும் எந்தத் தோலில் ஆனது? மாட்டுத்தோலிலும் ஆட்டுத்தோலிலும்தானே? அதைச் செய்துகொடுத்த தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 2020இல் ஒரு புத்தகமே எழுதினார். தொல்காப்பியர் கருப்பொருள் வரிசையில் யாழோடு பறையையும் வைத்தார். இளங்கோ தண்ணுமை வாசித்தவனை முதல்வன் என்றார். தோலைத் தொட்டவனைத் தள்ளி வைத்தது இலக்கணம் இல்லை, சாதி.

அப்படியானால் அந்த வகுப்புக்குப் போனது தப்பா? ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். தப்பில்லை. சாதிச் சமூகத்தில் இசை சிலருக்குப் பரம்பரைச் சொத்து, சிலருக்குப் பரம்பரை ஊழியம். இரண்டும் இல்லாமல் இசை எனக்குக் கிடைத்தது அந்த ஒரு தாளில்தான். நான் வித்துவான் ஆக வேண்டியதில்லை. பிசகாகப் பாடலாம். பிடிக்காவிட்டால் அடுத்த பருவத்தில் விட்டுவிடலாம். விட்டுவிடலாம் என்பதுதான் அப்பாவுக்கு இல்லாமல் போனது.

திண்டுக்கல் சக்தி கலைக்குழு 1990 முதல் தலித் பெண்கள் கையில் பறையைக் கொடுத்து, அது விடுதலைக் கருவி என்றது. இன்று நகரத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை பறை கற்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அவர்களை எழவு வீட்டுக்கு யாரும் ஆள் விட்டுக் கூப்பிடப்போவதில்லை. கருவிக்கு மரியாதை வந்துவிட்டது. அடிப்பவனுக்கு மறுக்கிற உரிமை எல்லா ஊரிலும் வந்துவிட்டதா? பல்கலைக்கழகம் பறையைப் பாடமாக வைக்கட்டும், அடித்தவர்களையே ஆசிரியராக வைக்கட்டும். கூடவே இந்தக் கேள்வியையும் பாடமாக வைக்கட்டும்.

அப்பா இப்போது எழவுக்குப் போவதில்லை. பறை பரணில் கிடக்கிறது. எடுத்து அடியுங்கள், கேட்கணும்போல இருக்கிறது என்று சொல்ல நான் ஆசைப்பட்டதுண்டு. சொல்லவில்லை. எடுப்பதும் எடுக்காததும் அவர் விருப்பம்.